வயிற்றுத் தசை விலகலும் இடுப்பு வலியும்: பெல்ட்டா, பயிற்சியா, அறுவை சிகிச்சையா?

மூன்று மாதங்களுக்கு முன், ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறவர். வயது 27. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு 26 வார விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய பத்தாம் நாளே அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மற்றவர் காட்பாடியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் 24 வயது இளைஞர். ஜிம்முக்குப் போகிறவர். பாயிலிருந்து எழும்போது தொப்புளுக்கு மேலே வயிறு கூரை முகடுபோல் புடைப்பதைப் பார்த்துப் பயந்து, கைபேசியில் தேடி, தமக்கு வயிற்றுத் தசை பிரிந்துவிட்டது என்று முடிவுசெய்திருந்தார். வயிறு பிரிந்ததால்தான் இடுப்பு வலிக்கிறதா, அப்படியானால் பெல்ட் கட்டுவதா, பயிற்சி செய்வதா, தைத்துவிடுவதா என்பதுதான் இருவரின் கேள்வியும்.

வேலூரில் பிசியோதெரபி பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஆனால் வருகிறவர்கள் அநேகமாக ஏதாவது ஒன்றுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டே வருகிறார்கள் என்பது என்னை வருத்துகிறது. ஆகவே, பணம் கொடுப்பதற்கு முன் எடைபோட வேண்டியவற்றை இங்கே வரிசையாக வைக்கிறேன்.

## விலகல் வேறு, வலி வேறு

விலா எலும்பின் அடிப்பகுதியிலிருந்து அடிவயிற்று எலும்புவரை, நடுக்கோட்டின் இரு புறமும் இரண்டு நீளமான தசைகள் இறங்குகின்றன. அவற்றை இணைப்பது லினியா ஆல்பா என்னும் வெண்ணிற நார்ப்பட்டை. கர்ப்பத்தில் குழந்தை வளர வளர இந்தப் பட்டை அகன்று மெலிகிறது. ஆண்களுக்கு வயிற்றுக் கொழுப்பு, மூச்சை அடக்கிப் பெருஞ்சுமை தூக்கும் பழக்கம், பிறவியிலேயே மெலிந்த நார் ஆகியவற்றால் இது நேரலாம். தசையும் கிழிவதில்லை, பட்டையும் அறுந்துபோவதில்லை. ‘பிரிந்துவிட்டது’ என்ற சொல் எழுப்பும் அச்சத்தில் பாதி இதை அறிந்தாலே தணியும்.

இரு தசைகளுக்கும் நடுவிலான இடைவெளி 2 செ.மீ.க்கு மேல் இருந்தால் விலகல் என்று இன்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். ஆனால் குழந்தையே பெறாத பெண்களுக்குக்கூட, தொப்புளுக்கு 3 செ.மீ. மேலே 22 மி.மீ. வரை இடைவெளி இயல்பாக இருக்கலாம் என்று 2009இல் வெளியான அளவீட்டு ஆய்வு ஒன்று காட்டியது. எல்லைக்கோடே அவ்வளவு மெல்லியது.

இனி வலிக்கு வருவோம். நார்வேயில் முதல் குழந்தை பெற்ற சுமார் 300 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2016இல் வெளியானது. பிரசவமான 6 வாரத்தில் 60 சதவீதம் பேருக்கும், 6 மாதத்தில் 45 சதவீதம் பேருக்கும், 12 மாதத்தில் சுமார் 33 சதவீதம் பேருக்கும் விலகல் இருந்தது. அவர்களுக்கு இடுப்பு வலி மற்றவர்களைவிடக் கூடுதலாக இல்லை. மற்ற ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், இடைவெளி மிக அகன்றவர்களிடம் சிறு தொடர்பு தென்படுகிறது. மிதமான விலகலில் உறுதியான தொடர்பு தெரியவில்லை. ஒரே உடம்பில் இரண்டும் இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றின் காரணமாகிவிடாது. எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தாலும், ‘இது என் இடைவெளிக்கா, என் வலிக்கா?’ என்று தனித்தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது.

அறுவைப் பிரசவமான பெண்களில் பலர் சொல்லும் இன்னொரு காரணம், முதுகில் போட்ட மயக்க ஊசி. ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலிக்கு அந்த ஊசி காரணமாவதாக ஆய்வுகள் காட்டவில்லை. வீட்டில் அம்மாவும் ஆயாவும் இதை எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், ஊசியின்மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டால் சரிசெய்யக்கூடிய காரணம் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

## தேர்வுக்கே இடமில்லாத நிலைமைகள்

சிலருக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. அவர்கள் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை மீறுதல், சிறுநீர் இறங்காமல் அடைத்தல், உட்காரும் இடத்தில் உணர்ச்சி மரத்தல், கால் பலம் குறைந்துகொண்டே போதல் ஆகியவை அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய அறிகுறிகள். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, படுத்தாலும் ஓயாத இரவு வலி ஆகியவை இருந்தால் முதுகெலும்புக் காசநோய் உட்பட வேறு நோய்களைத் தேட வேண்டும். விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாகத் தொடங்கித் தொடை இடுக்குக்கு இறங்கும் வலி, சிறுநீரில் இரத்தம் என்றால் அது சிறுநீரகக் கல்லாக இருக்கலாம்; அக்னி நட்சத்திர நாட்களில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யும் நம் ஊரில் இதை மறக்கக் கூடாது. தொப்புளருகே தள்ளினாலும் உள்ளே போகாத, வலிக்கும் கட்டி தோன்றினால் அது குடலிறக்கம் சிக்கியதன் அடையாளமாகலாம். அதுவும் அவசரமே.

இளைஞர்களிடம் மிகவும் தவறவிடப்படுவது இன்னொன்று. 45 வயதுக்குள் மெல்லத் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, ஓய்வில் கூடி நடமாட்டத்தில் குறைதல் ஆகியவை சேர்ந்திருந்தால் அது முதுகெலும்பு மூட்டழற்சியாக இருக்கலாம். இதற்கு மூட்டுவாத மருத்துவரின் மருந்துச் சிகிச்சை தேவை. வயிற்றுக்கு எத்தனை பயிற்சி செய்தாலும் அழற்சி அடங்காது.

## எடைபோடும் அளவுகோல்கள்

ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். வலியைக் குறைக்கும் என்பதற்குச் சான்று உண்டா, இடைவெளியைக் குறைக்குமா, தீங்கு என்ன, வெளியே தெரியாத செலவு என்ன, இவர் செய்யும் வேலையோடும் வீட்டோடும் ஒத்துப்போகுமா.

இவற்றில் கடைசியைத்தான் நான் முதலில் வைப்பேன். அந்தப் பார்வை இந்த ஊர் தந்தது. 1954இல் விபத்தில் இரு கால்களும் செயலிழந்த பின், சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர் மருத்துவர் மேரி வர்கீஸ். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வுத் துறையை வழிநடத்தியவரும் அவரே. வேலூர்ப் பாகாயத்தில் அக்கல்லூரியின் மறுவாழ்வு மையம் 1966இல் தொடங்கியது. உடம்பில் என்ன குறை எஞ்சியிருக்கிறது என்பதைக் காட்டிலும், அந்த உடம்போடு என்ன செய்ய முடிகிறது என்று கேட்பதே மறுவாழ்வு மருத்துவத்தின் அடிப்படை. விரலால் அளக்கும் இடைவெளியைவிட, குழந்தையைத் தூக்க முடிகிறதா, ஒரு ஷிப்ட் முழுக்க உட்கார முடிகிறதா என்பதே எனக்குப் பெரிய அளவுகோல்.

## காத்திருப்பது

பிரசவமாகி முதல் இரண்டு மாதங்களில் இடைவெளி தானாகவே கணிசமாகக் குறையும். அதன் பிறகு வேகம் தளர்ந்தாலும் ஒரு வருடம்வரை முன்னேற்றம் தொடரலாம். திடீரென்று பிடித்துக்கொண்ட இடுப்பு வலியும் பெரும்பாலோருக்குச் சுமார் ஆறு வாரத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடுகிறது. எனவே பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் இருப்பவர்களுக்கும், வலி புதிதாக வந்தவர்களுக்கும் காத்திருப்பது நல்ல தேர்வு.

காத்திருப்பது என்றால் படுத்திருப்பது என்று பொருள் கொள்ளக் கூடாது. ‘பச்சை உடம்பு’ என்று நாற்பது நாள் கட்டிலை விட்டு இறங்க விடாத வீடுகளில், அந்த அக்கறைக்கு நான் தலைவணங்கினாலும், வீட்டுக்குள் நடப்பதற்காவது அனுமதி வாங்கித் தருவேன். நீண்ட படுக்கை இடுப்பைத் தளர்த்துவதோடு கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் அபாயத்தையும் கூட்டும். எழும்போது மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழாமல், ஒருக்களித்துத் திரும்பிக் கையை ஊன்றி எழுவது வசதி.

## துணிக்கட்டும் பெல்ட்டும்

பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றில் பழைய வேட்டியையோ புடவைத் துணியையோ இறுக்கிக் கட்டுவது நம் பக்கத்து வழக்கம். இன்று அந்த இடத்தைக் கடையில் வாங்கும் பெல்ட் பிடித்துக்கொண்டது. அறுவைப் பிரசவத்துக்குப் பிந்திய முதல் நாட்களில் இருமவும் எழவும் நடக்கவும் இது உண்மையாகவே உதவும். தையல் இடத்துக்குத் தாங்கல் கிடைத்த நிம்மதி கிடைக்கும். இடைவெளியை இது நிரந்தரமாக மூடும் என்பதற்குச் சான்று இல்லை. இடுப்பு வலியைப் பொறுத்தவரை, நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்றே சொல்கிறது.

மறைந்த செலவு பெல்ட்டின் விலையில் இல்லை. மிக இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழ்நோக்கி இறங்கி, சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும், பிரசவத்தில் ஏற்கெனவே தளர்ந்த இடுப்புத்தளத் தசைகளின்மேல் விழுகிறது. இருமினால் சிறுநீர் கசியும் பெண்களுக்கு அது இன்னும் கூடலாம். வேலூர் வெயிலில் நாள் முழுதும் கட்டினால் வேர்க்குருவும் தையலோரப் புண்ணும் வரும். எல்லாவற்றையும்விட, ‘பெல்ட் இல்லாமல் குனியக் கூடாது’ என்ற பயம் மனத்தில் ஊன்றிவிடுகிறது. முதல் சில வாரங்களுக்கு, நடமாடும் நேரத்தில் மட்டும், மூச்சு தடையில்லாமல் போகுமளவுக்குக் கட்டுவது சரி.

## கரண்ட் வைப்பதும் எண்ணெய் தேய்ப்பதும்

‘பத்து நாள் கரண்ட் வைத்தேன்’ என்று சொல்லி வருகிறவர்கள் பலர். இடுப்பைக் கட்டி இழுக்கும் டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, தோல்வழி மின்தூண்டல் ஆகியவற்றையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்று அதே வழிகாட்டுதல் கூறுகிறது. நான் சார்ந்த தொழிலின் பிழை இது என்பதால் இதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் சில மணி நேரம் இதமாக இருக்கும். செலவு குறைவு, தீங்கும் அநேகமாக இல்லை. வயிற்றுத் தையல் ஆறாத இடத்தில் மட்டும் தேய்க்கக் கூடாது.

## வீட்டிலேயே செய்யும் பயிற்சி

இடுப்பு வலிக்குப் பயிற்சி உதவும் என்பதற்குச் சான்று நன்றாகவே இருக்கிறது. இடைவெளியைப் பயிற்சி மூடுமா என்பதில் விடை அவ்வளவு உற்சாகமானதல்ல: 175 பெண்களை வைத்து 2018இல் வெளியான நார்வே ஆய்வில், வாராந்தர வகுப்போடு சேர்ந்த நான்கு மாதப் பயிற்சிக்குப் பிறகும், பயிற்சி செய்யாதவர்களைவிட விலகல் குறையவில்லை. அதே சமயம், தலையையும் தோளையும் உயர்த்தும் வயிற்றுப் பயிற்சி விலகலைப் பெரிதாக்கிவிடும் என்ற பரவலான எச்சரிக்கைக்கும் ஆதாரம் இல்லை. 2023இல் வெளியான 12 வார ஆய்வில், அந்தப் பயிற்சியால் வயிற்றுத் தசையின் வலு கூடியது, இடைவெளி அகலவில்லை. இணையத்தில் ‘இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே’ என்று மிரட்டும் பட்டியல்களை நம்பி உடம்பை முடக்கியவர்கள் எனக்குத் தெரியும். அவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வயிற்றை நீங்களே பாருங்கள். பாயில் மல்லாந்து முழங்காலை மடக்கிப் பாதத்தை ஊன்றுங்கள். தொப்புளுக்கு மேலே விரல்களைக் குறுக்காக வைத்து, மூச்சை விட்டபடி தோள்பட்டை தரையிலிருந்து சற்றே எழும்வரை தலையைத் தூக்குங்கள். இரண்டு விளிம்புகளுக்கும் நடுவில் எத்தனை விரல் போகிறது என்பதோடு, விரலுக்கு அடியில் என்ன தெரிகிறது என்பதையும் கவனியுங்கள். நன்கு இழுத்துக் கட்டிய கட்டில் நாடாபோல் விரல் எதிர்ப்பை உணர்ந்தால், அகலம் இருந்தாலும் பட்டை வேலை செய்கிறது. பஞ்சில் புதைவதுபோல் இறங்கினால், மூச்சை விட்டுக்கொண்டே அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்து மீண்டும் முயலுங்கள். பலருக்கு அப்போது அடியில் ஓர் இறுக்கம் தெரியும். அந்த இறுக்கத்தோடு தொடங்கக் கற்பதே பயிற்சியின் முதல் படி.

அதன்மேல் குதிகாலை ஒவ்வொன்றாகத் தரையில் நீட்டி மடக்குதல், இடுப்பை உயர்த்திப் பாலம்போல் நிற்றல், நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டல், பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், கடைசியில் தண்ணீர்க் குடமோ அரிசிப் பையோ எடையாக வைத்துத் தூக்கிப் பழகுதல் என்று படிப்படியாக ஏற வேண்டும். நாளுக்குப் பதினைந்து இருபது நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஒதுக்குங்கள். பயிற்சியின்போது சிறிது வலிப்பது குற்றமல்ல. மறுநாள் காலையிலும் கூடுதல் வலி நீடித்தால் ஒரு படி இறங்க வேண்டும்.

இங்கே மறைந்த செலவு நேரம். கூட்டுக் குடும்பத்தில் மருமகள் பதினைந்து நிமிடம் பாயில் படுத்துப் பயிற்சி செய்வதை வீடு ஏற்றுக்கொள்ள வேண்டும். வலி மிதமானது, அறிகுறிகள் எளிமையானவை, செய்வதைத் தொடரும் பழக்கமும் உண்டு என்றால் இந்த வழியே போதும்.

## பிசியோதெரபிஸ்ட்டின் மேற்பார்வையில்

நாமே செய்யும் பயிற்சிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பயிற்சியின் பெயர்களில் இல்லை. உங்கள் வேலையைப் பார்த்து அதற்கேற்ப அமைப்பதில் இருக்கிறது. குடியாத்தத்திலிருந்து வந்த பீடி சுற்றும் பெண் ஒருவரை, எங்கள் அறைத் தரையில் வீட்டில் உட்காருவதுபோலவே உட்காரச் சொன்னேன். மடியில் முறம், கால்கள் சப்பணம், இடுப்பு பின்பக்கம் சரிந்து முதுகு வில்லாக வளைந்தது. கம்பளியை நான்காக மடித்துப் பிட்டத்துக்கு அடியில் தள்ளியதும் இடுப்பு நிமிர்ந்தது. ஒவ்வொரு கட்டு முடிந்ததும் எழுந்து வாசல்வரை நடந்து வருவது என்று பேசிக்கொண்டோம். அவருக்கு விலகலும் இருந்தது. அதை நாங்கள் தொடக்கூட இல்லை. வலி பாதியாகக் குறைய அந்தக் கம்பளியும் நடையும் பாலப் பயிற்சியும் போதுமானவையாக இருந்தன.

செலவைப் பொறுத்தவரை, கட்டணத்தைவிட பஸ் செலவும் இழந்த கூலியும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவதுமே பெரிது. ஷூ கம்பெனிப் பெண்ணுக்கு ஒரு வருகை என்பது அரை நாள் சம்பளம். வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவருக்கு அன்றைய கட்டுகளின் கூலி. ஆகவே தொடர்ந்து பத்து நாள் வரச் சொல்வதைவிட, பன்னிரண்டு வாரத்தில் நான்கைந்து முறை வரச் சொல்வது நியாயம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் பணச் செலவு இராது. காத்திருக்கும் நேரம்தான் செலவு. எங்கே போனாலும், உங்கள் வேலை என்ன என்று கேட்காமலே இயந்திரத்தோடு இணைத்தால், ‘எனக்கு வீட்டில் செய்யப் பயிற்சி சொல்லித் தாருங்கள்’ என்று கேளுங்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த வலி, சிறுநீர்க் கசிவு, வேலைக்குத் திரும்ப முடியாமை, குனியவே பயம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் இந்த வழியே சிறந்தது.

## ஸ்கேன் எடுப்பது

இடைவெளியை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் துல்லியமாக அளக்கும். அறுவை சிகிச்சையோ குடலிறக்கமோ பேச்சில் இருந்தால் அது தேவை. இடுப்பு வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க அவசரப்பட வேண்டாம். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைத்திருந்தது. அறிக்கையில் அந்த வரியைப் படித்தவுடன் ‘டிஸ்க் விலகிவிட்டது’ என்று கல்யாணப் பேச்சைக்கூட ஒத்திவைத்த குடும்பம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்.

## அறுவை சிகிச்சை

இடைவெளியை உறுதியாக மூடுவது இது ஒன்றுதான். நார்ப்பட்டையை மடித்துத் தைத்து இரு தசைகளையும் நெருக்கிக் கொண்டுவருகிறார்கள். தொங்கும் தோலையும் சேர்த்து நீக்குவதுண்டு. இடைவெளி மிக அகன்றும், ஆறு மாதமாவது முறையாகப் பயிற்சி செய்தும் வலியும் வலுக்குறைவும் நீங்காதவர்களில் பலருக்கு இதற்குப் பின் முதுகு வலியும் குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. ஐரோப்பிய வகைப்பாட்டில் 5 செ.மீ.க்கு மேற்பட்டதே மிகப் பெரிய வகை. தொப்புள் குடலிறக்கமும் சேர்ந்திருந்தால் அறுவைக்கான நியாயம் கூடும்.

மறைந்த செலவுகள் இங்கேதான் மிகுதி. குறைந்தது ஆறு வாரம்வரை பாரம் தூக்கக் கூடாது. இடுப்பில் குழந்தையை வைத்திருக்கும் தாய்க்கு அந்த ஆறு வாரத்தை யார் தாங்குவார்கள் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். நீர் கோத்தல், தொற்று, வயிற்றுத் தோல் மரத்தல், இரத்த உறைவு ஆகிய அபாயங்கள் உண்டு. அடுத்த கர்ப்பம் தையலைத் தளர்த்திவிடலாம் என்பதால், இன்னொரு குழந்தை வேண்டும் என்பவர்கள் பொறுப்பது நல்லது. தோற்றத்துக்கான அறுவை என்று வகைப்படுத்தினால் காப்பீடு பெரும்பாலும் ஏற்காது. எனவே தேதி குறிக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தோற்றத்துக்காகச் செய்துகொள்ள விரும்புவதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அப்போது அதைத் தோற்றத்துக்கென்றே செய்ய வேண்டும். இடுப்பு வலி போய்விடும் என்ற நம்பிக்கையில் கடன் வாங்கக் கூடாது.

## அந்த இருவர்

காட்பாடி இளைஞரின் இடைவெளி இரண்டு விரலுக்கும் குறைவு. அடிப்பட்டை இறுக்கமாக இருந்தது. ‘வலி எப்போது அதிகம்?’ என்று கேட்டபோதுதான், காலையில் ஷூ லேஸ் கட்டக் குனிய ஒரு மணி நேரம் ஆவதாகவும், ஜிம்மில் உடம்பு சூடானால் வலி மறைவதாகவும், எட்டு மாதமாக இப்படியே இருப்பதாகவும் சொன்னார். அவர் என்னிடம் கேட்ட மூன்று வழிகளில் எதுவும் அவருக்குரியதல்ல. அன்றே மூட்டுவாத மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். இப்போது அங்கே சிகிச்சையில் இருக்கிறார்.

ஷூ கம்பெனிப் பெண் மேற்பார்வையோடு சேர்ந்த பயிற்சியைத் தேர்ந்தார். மெஷினின் மிதியைத் தொடும் தூரத்துக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வதும், டீ நேரத்தில் உட்காராமல் நடப்பதும், இரவில் குழந்தை தூங்கியபின் பதினைந்து நிமிடமும் என்று பேசிக்கொண்டோம். ஒரு நாற்பது பக்க நோட்டில் எத்தனை மணி நேரம் வலியில்லாமல் தைத்தார் என்பதை மட்டும் எழுதி வந்தார். முதல் வாரத்தில் இரண்டு மணி. பன்னிரண்டாவது வாரத்தில் முழு ஷிப்ட். போன வாரம் வந்தபோது அளந்து பார்த்தோம். இடைவெளி முன்பு இருந்த அதே இரண்டரை விரல்.